குச்சி நனைந்தால் போதுமா?

"சிவப்பு விளக்கு எரியாத வரைக்கும் எஞ்சினில் ஆயில் இருக்கிறது என்று அர்த்தம், சந்தேகம் வந்தால் குச்சியை உருவிப் பார், நுனி நனைந்திருந்தால் மூடிவிட்டுப் போ, மனசு கேட்கவில்லையென்றால் அரை லிட்டர் கூடவே ஊற்றிக்கொள், பழைய வண்டிதானே!" பெங்களூர் ஜோகுபாளையத்தின் குறுகிய தெருக்களில் வீட்டு வாசற்படியை உரசிக்கொண்டு நிற்கும் பழைய மாருதிகளுக்கும் பத்மினிகளுக்கும் சொந்தக்காரர்களான என் அண்டை வீட்டார் முதற்கொண்டு, பழைய மெட்ராஸ் ரோட்டுப் பெட்ரோல் பங்கில் பானெட்டைத் தூக்கிப் பிடிக்கும் பையன் வரையில், இந்த மூன்று வாக்கியங்களையும் வேதவாக்காகச் சொல்லாதவரை நான் சந்தித்தது அபூர்வம். மூன்றும் தவறு. தனித்தனியே தவறாக இருப்பதோடு, ஒன்றின் பிழையை மற்றொன்று மூடி மறைப்பதால், இன்னும் பல வருஷம் உழைக்கக்கூடிய எஞ்சின்களை இவை அகாலத்தில் பிரேதமாக்கி வருகின்றன. ஆகையால்தான் இந்த மறுப்பை விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

எதிர்த்தரப்பின் நியாயத்தை முதலில் குறைவைக்காமல் சொல்லிவிடுகிறேன். காரைச் செய்தவன் ஒரு விளக்கை வைத்திருக்கிறான்; அது எச்சரிப்பதற்காகவே இருக்கிறது. டிப்ஸ்டிக் என்னும் அந்தக் குச்சி, இரண்டு கோடு கீறிய முரட்டுத் தகடு. அதைத் தராசு முள்ளைப்போல் நினைத்து மில்லிமீட்டர் கணக்குப் பார்ப்பது வீண் சிரமம். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுகிறோம். அதற்குள் பிரமாதமாக என்ன குறைந்துவிடப் போகிறது? எல்லாவற்றுக்கும் மேலாக, அனுபவப் பிரமாணம் ஒன்று இருக்கிறது: அம்பாசிடர் டாக்சிகள் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடினவே, அந்த டிரைவர்களில் எவர் அளவுகோல் பிடித்து அளந்தார்? இவை அலட்சியப்படுத்தத்தக்க வாதங்கள் அல்ல.

ஆனால் அந்த அனுபவப் பிரமாணம் உண்மையில் யார் பக்கம் நிற்கிறது? பழைய டாக்சி டிரைவரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: விடிந்ததும், ஊதுபத்தி கொளுத்துவதற்கு முன்பாகவே, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, குச்சியை உருவி, பனியன் வேஸ்டால் துடைத்து, மறுபடி செருகி எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். அதே மனிதர், அதே ஸ்டாண்டில், அதே நேரத்தில், எஞ்சின் குளிர்ந்திருக்கையில், தினந்தோறும் செய்தார். அளவுகோல் அவர் கையில் இல்லாமல் இருந்திருக்கலாம், முறை இருந்தது. அவருடைய வண்டி ஓடிய தூரத்தை மட்டும் சுவீகரித்துக்கொண்டு, அது ஓடியதற்குக் காரணமான காலைப் பழக்கத்தைக் கைவிட்டவர்கள், அவரைச் சாட்சிக்கு அழைக்க உரிமையற்றவர்கள்.

இனி ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

1. விளக்கு ஆயிலின் அளவைச் சொல்கிறதா? சொல்லவே சொல்லாது. பழைய கார்களில் அந்தச் சிவப்பு விளக்கோடு இணைந்திருப்பது ஆயிலின் அழுத்தத்தை உணரும் ஒரு ஸ்விட்ச். எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பில் எத்தனை லிட்டர் கிடக்கிறது என்பதை அறிய அதற்கு யாதொரு வழியும் கிடையாது. நல்ல நிலையிலுள்ள எஞ்சின் ஓட்டத்தில் சுமார் மூன்று பார் அழுத்தத்தில் வேலை செய்கிறது என்று வைத்துக்கொண்டால், பெரும்பாலான ஸ்விட்சுகள் அது அரை பாருக்கும் கீழே விழுந்த பிறகுதான் விளக்கை எரிய விடும். சம்ப்பின் அடியில் இருக்கும் உறிஞ்சு வலை ஆயிலில் மூழ்கியிருக்கும் வரையில், பாதிக்குமேல் ஆயில் போய்விட்ட எஞ்சினிலும் பம்ப் முழு அழுத்தத்தையே கொடுத்துக்கொண்டிருக்கும். விளக்கு சாந்தமாக அணைந்தே இருக்கும். எஞ்சிய ஆயில் ஒரு திருப்பத்தில் ஒரு பக்கமாக ஒதுங்கி, வலை காற்றை உறிஞ்சும் அந்த ஒரு கணத்தில்தான் முதல் எச்சரிக்கை வரும். அதுவும் கண் சிமிட்டும் நேரத்துக்கு மட்டும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என்னிடமிருப்பது 1996ஆம் வருஷத்து மாருதி 800. மூன்று சிலிண்டர், 796 சி.சி., கார்புரேட்டர் வண்டி. சில வருஷங்களுக்கு முன்பு, டிரினிட்டி சர்க்கிளில் திரும்பும்போதெல்லாம் அந்த விளக்கு ஒருமுறை மினுக்கி அணைந்துகொண்டிருந்தது. எலெக்ட்ரீஷியனிடம் காட்டினேன். "ஒயர் லூசு சார், வேற ஒண்ணுமில்ல" என்று ஸ்விட்சின் கனெக்டரை அழுத்திச் செருகிவிட்டார். நானும் நம்பினேன், ஏனெனில் நேர் ரோட்டில் விளக்கு எரியவில்லை. இரண்டு வாரம் கழித்து, ஹொசகோட்டைப் பக்கம் போய்க்கொண்டிருக்கையில், எஞ்சினுக்குள் மரச்சுத்தியால் தட்டுவதுபோல ஒரு சத்தம் எழுந்தது. வண்டியைக் கட்டியிழுத்து வந்து, மெக்கானிக் சம்ப்பின் அடித்திருகைக் கழற்றி, கீழே அளவுக் குவளையை வைத்தார். ஏறத்தாழ மூன்று லிட்டர் இருக்கவேண்டிய இடத்திலிருந்து இறங்கியது தொள்ளாயிரம் மில்லி. கனெக்டிங் ராடிலிருந்து அவர் எடுத்துக் கொடுத்த பேரிங் தகட்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன்: சாம்பல் நிறமாக வழுவழுப்பாக இருக்கவேண்டிய உலோகம் தேய்ந்துபோய், நடுவில் ஒரு விரல்நகத்தின் அகலத்துக்குச் செம்பு நிறம் பளிச்சென்று தெரிந்தது. கிராங்கைக் கடைந்து, அதற்கேற்ற தடித்த பேரிங்கை ஜே.சி. ரோட்டில் கடை கடையாக அலைந்து வாங்கிப் போட வேண்டியதாயிற்று. அந்தப் பேரிங்கிற்கும் கிராங்கிற்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஒரு தலைமயிரின் கனம்கூட இராது. அதற்குள் ஆயில் படலம் அறுந்துபோக எத்தனை நேரம் வேண்டும்? நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்று என்றால் விநாடிக்கு ஐம்பது. விளக்கு மினுக்கிய ஒவ்வொரு விநாடியிலும் ஐம்பது முறை உலோகம் உலோகத்தை உராய்ந்திருக்கிறது. விளக்கு எரிவது நோயின் ஆரம்பமென்று நினைக்கிறோம். அநேகமாக அது மரணச் செய்தி.

2. 'குச்சி நனைந்திருந்தால் போதும்' என்பவர்கள், குச்சி எங்கே, எப்போது நனைந்தது என்று கேட்டதுண்டா? பங்கில் பெட்ரோல் போட்டுக்கொண்டு, எஞ்சினை நிறுத்திய மறுநிமிஷமே குச்சியை உருவுகிறார்கள். அந்த நேரத்தில் கணிசமான ஆயில் மேலே, டேப்பட் கவருக்கு அடியிலும் எஞ்சினின் சந்துகளிலும் தங்கியிருக்கிறது. அது வழிந்து சம்ப்புக்கு இறங்கக் குறைந்தது ஐந்து நிமிஷமாவது வேண்டும், 20டபிள்யூ-50 போன்ற கனத்த ஆயிலானால் பத்து நிமிஷம் கொடுப்பதே உத்தமம். போதாததற்குக் குழாயின் உட்சுவரில் பூசியிருக்கும் ஆயில், வெளியே வரும் குச்சியின் உடம்பெல்லாம் அப்பிக்கொள்கிறது. ஆகவே, துடைக்காமல் பார்த்தால் இருப்பதைவிட அதிகமாகத் தெரிகிறது. துடைத்துவிட்டு உடனே பார்த்தால் இருப்பதைவிடக் குறைவாகத் தெரிகிறது. ஒரே வண்டி, ஒரே நிமிஷம், இரண்டு தீர்ப்பு.

தரையின் கதை இதைவிட மோசம். பெங்களூரின் ஏரிகள் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடிவரும் நீரைக் கரை கட்டி மறித்து உண்டாக்கியவை. அல்சூர் ஏரியும் அப்படிப்பட்டதே. அதன் சுற்றுவட்டாரத்தில் குடியிருக்கும் நாம் சமதளத்தில் கார் நிறுத்துவதாக நினைத்துக்கொள்வது பிரமை. என் வீட்டெதிரில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ரசமட்டத்தையும் ஒரு மீட்டர் நீளமுள்ள பலகையையும் வைத்து அளந்தேன். மீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டர் சரிவு இருந்தது. குச்சி சம்ப்பின் நடுவிலிருந்து பதினைந்து சென்டிமீட்டர் தள்ளி இறங்குகிறதென்றால், அந்தச் சரிவில் ஆயிலின் மட்டம் அந்த இடத்தில் ஏழரை மில்லிமீட்டர் ஏறியோ இறங்கியோ நிற்கும். கீழ்க்கோட்டுக்கும் மேற்கோட்டுக்கும் இடையே இரண்டு சென்டிமீட்டர் தூரமும், அந்தத் தூரத்துக்கு ஒரு லிட்டர் கொள்ளளவும் இருக்குமாயின், கண்ணுக்குத் தெரியாத அந்தச் சாய்வு ஒன்றே முந்நூற்றெழுபத்தைந்து மில்லியைக் கூட்டியோ குறைத்தோ காட்டிவிடும். வண்டியை ஒரு நாள் மேற்கே பார்த்தும் மறுநாள் கிழக்கே பார்த்தும் நிறுத்திவிட்டு, 'நேற்றைக்கு இருந்தது, இன்றைக்கு இல்லை' என்று மெக்கானிக்கோடு சண்டைக்குப் போகிறவர்கள் என் தெருவிலேயே இருக்கிறார்கள்.

இதற்கு எதிர்த்தரப்பு தரும் பதில்: "பார்த்தீர்களா, குச்சி நம்பத்தகாதது என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்!" ஒப்புக்கொள்ளவில்லை. வெயிலில் காய்ந்த நெற்றியில் ஜுரமானியை வைத்தவன், பிழை கருவியினுடையது என்று சொல்வானா? அதே இடத்தில், அதே திசையில் நிறுத்தி, இரவு முழுவதும் ஆறவிட்டு, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் உருவி, துடைத்து, அடிவரை செருகி, மறுபடி உருவிப் பார்த்தால், அந்த முரட்டுத் தகடே ஐம்பது மில்லி வித்தியாசத்தைக் காட்டித் தரும். தகட்டின் இரண்டு பக்கமும் பார்க்கவேண்டும். ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் தெரிந்தால், தாழ்ந்திருப்பதே உண்மை. சூடான எஞ்சினில்தான் பார்க்க வேண்டுமென்று உங்கள் வண்டியின் கையேடு சொல்லுமானால் அப்படியே செய்யுங்கள். ஆனால் என்றைக்கும் அப்படியே செய்யுங்கள். சூட்டில் ஆயில் விரியும். மூன்று லிட்டர், அறுபது டிகிரி சூடேறினால், ஏறத்தாழ நூற்றிருபது மில்லி பெருத்துக் காட்டும். முறையை மாற்றி மாற்றிப் பார்க்கிறவருக்கு அந்த விரிவே ஒரு பொய்க் கணக்கு.

3. இப்போது ஒரு கேள்வி: உங்கள் குச்சி உங்கள் வண்டியினுடையதுதானா? இந்தக் கேள்வியைப் புதுக்காரின் சொந்தக்காரர் கேட்க வேண்டியதில்லை. பழைய காரின் சொந்தக்காரர் கேட்காமல் இருக்கக்கூடாது. இருபது, முப்பது வருஷத்தில் கைப்பிடி வளையம் உடைந்து, குழாய் ஆட்டம் கண்டு, யாரோ ஒரு மெக்கானிக் சிவாஜிநகர் பழைய சாமான் சந்தையான குஜரியில் கிடைத்த இன்னொரு குச்சியைச் செருகிவிட்டிருப்பார்; அது பொருந்தும்; ஆனால் அதன் கோடுகள் வேறொரு சம்ப்புக்காகக் கீறப்பட்டவை. என் மாருதியில் நடந்தது இதுவே. எஞ்சின் பிரித்துச் சேர்த்த பிறகு, காலியான சம்ப்பில் அளந்து அளந்து ஊற்றச் சொன்னேன். கையேடு சொன்ன அளவை முழுவதும் ஊற்றி, ஒரு நிமிஷம் ஓட்டி, நிறுத்தி, இருபது நிமிஷம் காத்திருந்து குச்சியை எடுத்தால், ஆயில் மேற்கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. அதாவது, நான் அத்தனை வருஷமாக 'நிறைவு' என்று நினைத்திருந்தது உண்மையில் குறைவு. கீழ்க்கோடு என்று நினைத்திருந்தது பாதாளம். முக்கோண அரத்தால் சரியான இடத்தில் புதிய கோடு ஒன்று கீறினோம். பிறகு கால் லிட்டர், கால் லிட்டராக வடித்துப் பார்த்து, கீழே இன்னொரு கோடு. ஆயில் மாற்றும் நாளில் செய்தால் இதற்கு ஒரு பைசா அதிகச் செலவில்லை. பழைய வண்டி வைத்திருப்பவர் தம் வாழ்நாளில் ஒருமுறையாவது இதைச் செய்தே ஆகவேண்டும்; செய்யாதவரை அவர் வாசிப்பது எவனோ எழுதிய எழுத்து.

4. 'கூட ஊற்றினால் என்ன கெட்டுவிடும்?' கெட்டுவிடும். மட்டத்துக்குமேல் நிற்கும் ஆயிலைச் சுழலும் கிராங்க் மோதிக் கடைகிறது; தயிர் கடைவதுபோல நுரை எழுகிறது; நுரையைப் பம்ப் உறிஞ்சினால் அழுத்தம் விழுகிறது. குறைவினால் வரும் அதே கேடு மிகுதியினாலும் வருகிறது, அதே விளக்கும் மினுக்குகிறது. பார்த்தவர் பயந்துபோய் இன்னும் அரை லிட்டர் ஊற்றுகிறார். இதற்கிடையில் உள்ளழுத்தம் மிகுந்து பழைய சீல்களின் வழியே ஆயில் கசிகிறது. அம்பாசிடரின் 1489 சி.சி. எஞ்சினில் அது பின்புறமாக இறங்கி கிளட்ச் தட்டையே நனைத்துவிடும். பிரீதர் குழாய் வழியாக மிச்சம் கார்புரேட்டருக்குப் போய் எரிகிறது, சைலென்சரில் நீலப்புகை, எமிஷன் டெஸ்டில் தோல்வி. மெக்கானிக் அந்தப் புகையைப் பார்த்து, "ரிங் போயிடுச்சு சார், எஞ்சினை இறக்கணும்" என்று தீர்ப்புச் சொல்கிறார். எங்கிருந்து ஆரம்பித்தது? எஞ்சினை நிறுத்திய மறுநிமிஷம் பங்கில் பார்த்த ஒரு பொய்க் குறைவிலிருந்து. அரை லிட்டர் வடித்திருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய விஷயத்துக்கு ஒரு எஞ்சின் பிரிக்கப்படுகிறது. என் நண்பர் ஒருவருக்கு இதுவே நேர்ந்தது. பிரித்துப் பார்த்தபோது ரிங்குகள் நன்றாகவே இருந்தன.

5. "என் வண்டி ஒரு சொட்டுக்கூட ஆயில் குடிப்பதில்லை" என்ற பெருமையைத்தான் நான் எல்லாவற்றிலும் அதிகமாகச் சந்தேகிக்கிறேன். பழைய எஞ்சின் கொஞ்சமாவது குடிக்கும். குடிக்காததுபோலத் தெரிந்தால், போனதற்கு ஈடாக வேறு ஏதோ உள்ளே வருகிறதா என்று பார்க்கவேண்டும். சோக் இழுத்து ஸ்டார்ட் செய்து, ஜோகுபாளையத்திலிருந்து இந்திராநகர் சந்தைக்குப் போய்த் திரும்பும் வண்டியில், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு சம்ப்பில் இறங்குகிறது. எஞ்சினோடு ஓடும் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பின் ரப்பர் திரை கிழிந்துவிட்டால் பெட்ரோல் நேரடியாகவே உள்ளே கொட்டும். ஆயில் குறைந்த அளவுக்குப் பெட்ரோல் கூடிவிட்டால் குச்சியின் கோடு அசையாமல் நிற்கும். உள்ளே இருப்பதோ தண்ணீராய் இளகிப்போன சரக்கு. குச்சியின் நுனியை முகர்ந்து பாருங்கள்: பெட்ரோல் வாடை அடித்தால், அல்லது மட்டம் ஏறியிருந்தால், வண்டியை எடுக்காதீர்கள். மோர் நிறமாக இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கலந்திருக்கிறது. குறைவதைவிடக் கூடுவது அபாயகரமான அறிகுறி. 'நனைந்திருந்தால் போதும்' என்ற சித்தாந்தத்தில் அந்த அறிகுறிக்கு இடமே இல்லை.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கறுத்திருப்பது கெட்டதற்கு அடையாளம் அல்ல. எஞ்சினின் கரியைத் தன்னுள் கரைத்துச் சுமப்பது நல்ல ஆயிலின் தொழில். கறுப்பைப் பார்த்து மாற்றச் சொல்வதும், பொன்னிறத்தைப் பார்த்து நிம்மதியடைவதும் ஒரே அறியாமையின் இரு பக்கங்கள்.

ஆகவே எது கணக்கு? ஒரு நாளைய அளவுக்கு மதிப்புக் குறைவு. இரண்டு அளவுகளுக்கு நடுவே உள்ள வித்தியாசத்துக்கே மதிப்பு. என் டேஷ்போர்டில் நாற்பது பக்கத்து நோட்டு ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும், எஞ்சின் குளிர்ந்திருக்கையில், வாசலில் சுண்ணாம்புக் கோடு போட்ட இடத்தில், தேதி, கிலோமீட்டர், மேற்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் கீழே, எத்தனை மில்லி ஊற்றினேன் என்று நான்கு கட்டங்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு முந்நூறு மில்லி குடித்துக்கொண்டிருந்த எஞ்சின், மாதக்கணக்காக அதே முந்நூறைக் குடிக்குமானால், அது கிழவனுக்கு இயல்பான பசி; கவலைப்பட ஏதுமில்லை. முந்நூறு ஐந்நூறாகிற மாதத்தில் கேள்வி கேட்கவேண்டும்: தரையில் கறை இருக்கிறதா? காலை ஸ்டார்ட்டில் மட்டும் நீலப்புகை வந்தால் வால்வ் சீல். ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது வந்தால் ரிங். விளக்கு ஒரு நாளும் சொல்லாத செய்தியை அந்த நான்கு கட்டங்கள் ஆறு மாதம் முன்னதாகவே சொல்லிவிடுகின்றன.

'ஐந்து நிமிஷ வேலைக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?' என்பவர்கள் மறுபக்கத்தையும் எடை போடட்டும். மாருதி 800, அம்பாசிடர் இரண்டுமே 2014ஆம் வருஷத்தோடு தயாரிப்பு நின்றவை; உள்ளே இருக்கும் கிராங்க் ஒன்று போனால் அதற்கு நிகரான புதியது கிடைப்பது நாளுக்கு நாள் அரிதாகிறது. பதினைந்து வருஷம் கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய்க்கு உயர்ந்தபோது, அதையும் கட்டி, ஃபிட்னஸ் சோதனைக்கும் வரிசையில் நின்று, தகப்பனார் வாங்கிய வண்டி என்று பிரியமாக வைத்திருக்கிறவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அத்தனை பிரியத்தையும் பணத்தையும் கொட்டிய பிறகு, ஒரு முழக் கந்தலும் ஐந்து நிமிஷமும் கொடுக்க மறுத்து எஞ்சினைச் சாகவிடுவதை நான் சிக்கனம் என்றோ அனுபவம் என்றோ ஏற்கமாட்டேன்.

நாளைக் காலை, சாவியைத் திருப்புவதற்கு முன்பாக, பானெட்டைத் தூக்குங்கள். குச்சியை உருவி, துடைத்து, செருகி, மறுபடி உருவுங்கள். இரண்டு பக்கமும் பார்த்து, தாழ்ந்த மட்டத்தைத் தேதியோடும் கிலோமீட்டரோடும் எழுதி வையுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே இடத்தில் நிறுத்தி, இன்னொரு முறை எழுதுங்கள்.